சிவக்காத பதினொரு ஜோடிக் கண்கள்

சென்ற வாரம் நூர்ஜஹான் போன் செய்தாள். திருவொற்றியூரில் நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த தர்மக் கண் மருத்துவமனையில் இப்போது அவள்தான் கண் மருத்துவ உதவியாளர்.

“சார், அலர்ஜிக்கு வுடற சொட்டு மருந்த எப்பிடிப் பத்திரமா வுடணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. செவுத்துல ஒட்டணும். இப்பல்லாம் பழைய சீட்ட போட்டோ புடிச்சு அனுப்பினா மருந்து வூட்டுக்கே வந்துடுது. எங்கள யாரு கேக்குறாங்க?”

“எத்தனை வரி?”

“பத்து வரி சார். நீங்க நூறு எழுதிடாதீங்க.”

பத்து வரி எழுதி அனுப்பிவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் அனுப்பியதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. ‘டாக்டர் சொன்ன நாட்களுக்கு மேல் விடாதீர்கள்’ என்ற ஏழாவது வரியை யாரும் நின்று படிக்கப் போவதில்லை. அந்த வரிக்குப் பின்னால் இருப்பதை நான் இதுவரை எழுதியதே இல்லை. எனக்கு இப்போது அறுபத்தைந்து வயது. எழுதிவிடுவது நல்லது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வருடம் படித்தேன், தேறினேன், ராயபுரத்திலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போனேன். உண்மையான படிப்பு டாக்டர் கமலவேணியிடம்தான். மெல்லிய குரல். ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம் கட்டியிருப்பார். யாருடைய கண்ணையும் தொடுவதற்கு முன் அதைக் கழற்றி மேசையில் வைப்பார். முதல் வாரம் அவர் என்னை நோயாளிகளிடம் விடவில்லை. ஒரு சிறு குப்பியில் உப்பு நீர் நிரப்பி, தன் கண்ணிலேயே என்னை விடச் சொன்னார்.

அவர் சொல்லித் தந்த முறை இது: கையைக் கழுவு. கீழ் இமையை மெல்லக் கீழே இழு. ஒரு சின்னப் பை போல ஆகும். அதில் ஒரு சொட்டு. ஒன்றே ஒன்று. கண் ஒரு சொட்டைக்கூட முழுதாகத் தாங்காது, மிச்சம் கன்னத்தில் வழியும். பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை விரலால் அழுத்தி ஒன்றிலிருந்து அறுபது வரை இரண்டு முறை எண்ணு. இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கிவிடும். வேறு மருந்தும் விட வேண்டுமென்றால் ஐந்து நிமிடம் பொறு. திறந்த குப்பியை நாலு வாரத்துக்கு மேல் வைக்காதே.

பதினாறாவது தடவை என் கை லேசாக நடுங்கியது.

“நுனி இமைல பட்டுது,” என்றார் கண்ணைத் திறக்காமல். “இந்தக் குப்பி இனி எனக்கு மட்டும்தான். வேற யாருக்கும் விடக் கூடாது. எடுத்து வைங்க.”

நோயாளிகளிடம் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “என்ன விடறீங்க?” பையிலிருந்து ஒரு குப்பி வரும். “வேற?” இன்னொன்று வரும். “வேற?” மூன்றாவது ‘வேற’வுக்குத்தான் பெரும்பாலும் உண்மை வெளியே வரும். கண் அரிப்புக்கு இரண்டு வகை மருந்து இருக்கிறது என்று எனக்குச் சொல்லித் தந்தார். ஒன்று அரிப்பை மெல்ல அடக்குவது. டாக்டர் சொல்படி பருவம் முழுக்க விடலாம். மற்றது ஸ்டீராய்டு. இரண்டே நாளில் கண்ணை வெளுக்கச் செய்துவிடும். “சிவப்புங்கறது கண்ணு போடற சத்தம். இந்த மருந்து அந்தச் சத்தத்த அடக்கிடும். உள்ள என்ன நடந்தாலும் அப்புறம் வெளிய கேக்காது.” அதனால் அதை எழுதும்போதெல்லாம் நாட்களைக் கணக்காகச் சொல்வார். மருந்தின் பெயரை அவர் எழுதுவார். எத்தனை வேளை, எத்தனை நாள் என்று அவர் சொல்லச் சொல்ல, சீட்டில் அந்த இரண்டு கட்டங்களையும் நிரப்பி நோயாளிக்குப் படித்துக் காட்டுவது என் வேலை.

நான் ஓய்வு பெறுவதற்கு ஏழு வருடம் முன்னால் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் ஒரு கண் முகாம் போட்டோம். அன்று அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, பதிவேட்டில் எழுத வேண்டும். அங்கே எல்லாருக்கும் கண் சிவந்துதான் இருக்கும். துருப் பொடி, காஸ் கட்டிங் புகை, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் புழுதி, வடக்குக் காற்றடித்தால் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துச் சாம்பல். எட்டுப் பேரைப் பார்த்தேன். எட்டுப் பேருக்கும் சிவப்பு.

ஒன்பதாவது ஆளின் கண் வெள்ளையாக இருந்தது. கழுவிய சிப்பியின் உட்புறம் போன்ற வெள்ளை. பத்தாவது ஆளுக்கும் அப்படியே. பதினொன்றாவதுக்கும். அவர்கள் ஒன்றாக வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முகம், கழுத்து, காது மடல் எல்லாம் துருவின் செம்பழுப்பு. அதற்குள் அந்த வெள்ளைக் கண்கள் மட்டும் வேறு யாருடையதையோ எடுத்துப் பதித்தாற்போல் இருந்தன. எண்ணினேன். பதினொரு பேர். எல்லாரும் ஒரே இரும்பு யார்டில் வேலை செய்பவர்கள்.

அவர்களில் ஒருவர் கிரேன் ஓட்டும் முனிரத்தினம். நாற்பது வயது இருக்கும். எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தடுமாறாமல் படித்தார். அன்று அப்படிப் படித்தவர் அவர் ஒருவர்தான். பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டார். பேனா அவர் கைக்கு ஒரு சாண் தள்ளி மேசையில்தான் இருந்தது. அவர் முகத்தை முழுக்கத் திருப்பி, பிறகு இன்னும் கொஞ்சம் திருப்பி, அதைக் கண்டுபிடித்தார். எனக்கு அதில் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. ‘கண் தெளிவு’ என்று பதினொரு தடவை சந்தோஷமாக எழுதினேன்.

மறுநாள் பதிவேட்டைப் பார்த்த டாக்டர் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

“இந்தப் பதினோரு பேருக்கும் சிவப்பே இல்லையா?”

“இல்ல டாக்டர். அவ்வளவு சுத்தம்.”

“அந்த எடத்துல யாருக்குக் கண்ணு சுத்தமா இருக்கும்?” என்றார். பக்கத்தில் நோயாளி யாரும் இல்லை. ஆனாலும் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். “நாளைக்குக் காலைல போங்க. என்ன விடறாங்கன்னு பாத்துட்டு வாங்க.”

ஏழரை மணிக்குப் போனேன். மார்கழிப் பனி. இரும்புத் தகடுகளின் அடுக்குகள் பாதிக்கு மேல் தெரியவில்லை. யார்டு கதவுக்கு உள்ளே ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். யாரும் பேசவில்லை. எல்லாரும் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து, பனிக்குள் எதையோ பார்ப்பவர்கள்போல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி காசிம் பாய் கையில் சின்ன வெள்ளைக் குப்பியுடன் வரிசையில் ஒவ்வொருவராகக் கடந்து வந்தார். அவருடைய செருப்புச் சத்தமும் “தொற... மூடு” என்ற குரலும் மட்டும் கேட்டன. குப்பியின் நுனி ஒவ்வொரு கண் இமையிலும் பட்டுப் பட்டு அடுத்த கண்ணுக்குப் போயிற்று. விட்டு முடிந்தவர்கள் கண்ணை மூடி அப்படியே நின்றார்கள். பத்து முகங்கள். பதினொன்றாவதாகக் காசிம் பாய் தன் கண்ணிலும் விட்டுக்கொண்டார். அதுவரை அந்த யார்டில் ஒரு இரும்பும் சத்தம் போடவில்லை.

பிறகு ஒரே நேரத்தில் எல்லாரும் உயிர் பெற்றதுபோல் பேசத் தொடங்கினார்கள்.

“வாங்க சார்! நீங்களும் ஒரு சொட்டு வுட்டுகிறீங்களா? ஐஸ் கணக்கா கீது,” என்றார் காசிம் பாய்.

“சாருக்கு வுடாத பாய். கண்ணு பளபளன்னு ஆயி இன்னொரு கல்யாணம் பண்ணிக்கப் போறாரு,” என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

நான் கணக்குப் போட்டேன். பதினொரு பேர், இருபத்திரண்டு கண். காலை மாலை என்றால் நாற்பத்து நான்கு சொட்டு. ஒரு குப்பியில் ஏறக்குறைய நூறு சொட்டு. இரண்டு நாளைக்கு ஒரு குப்பி. “எத்தனை நாளா?”

“நாளா? நாலு வருசமா ஆவுது சார். எனக்கு அலர்ஜி வந்து பேஜாரா கெடந்தப்ப உங்க ஆஸ்பத்திரிலதான் குடுத்தீங்க. ரெண்டே நாள்ல கேட்டுச்சு. நம்ம பசங்களும் கண்ணு கலங்கிகினு கெடந்தானுங்க. ஏன் அவனுங்க மட்டும் கஷ்டப்படணும்? அதான் எல்லாருக்கும் நானே வுட்டு வுடறேன்.” சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்து, அதிலிருந்து ஒரு சீட்டை எடுத்துத் தந்தார். கிழியாமல் இருக்க லேமினேட் செய்திருந்தார். “இத்த காட்டினா மெடிக்கல்ல ஒண்ணும் கேக்க மாட்டான்.”

அது எங்கள் சீட்டு. மருந்தின் பெயர் டாக்டரின் கையெழுத்தில். வேளைக் கட்டத்தில் ‘2’ என்று என் கையெழுத்து. நாள் கட்டம் காலி. டாக்டர் ‘ஏழு நாள்’ என்று சொல்லியிருப்பார், நானும் வாயால் சொல்லியிருப்பேன். எழுதவில்லை. பிளாஸ்டிக்குக்கு அடியில் அந்தச் சின்னச் சதுரம் புதிதாக, துளிக் கறையில்லாமல் இருந்தது.

“நீங்க எழுதினதுதான் சார். நான் மறக்கல,” என்றார் அன்போடு.

கிரேனின் படியில் ஒரு டம்ளர் டீ ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பீடிக் கட்டு. யாருக்கு என்று கேட்டேன். காசிம் பாய் குரலைத் தாழ்த்தினார்.

“சேகருக்கு. கொக்கி மாட்டுவான். போன வருசம் தகடு சுத்தி வந்து அடிச்சு, எடத்துலயே பூட்டான். குடிச்சிட்டு லோடு கீழ வந்து நின்னுட்டான்னு முதலாளி எழுதிட்டாரு. அப்பலேர்ந்து அவன் இங்க வர்றான்னு ரத்தினம் சொல்றான். இன்னும் ரெண்டு பேரும் சொல்றானுங்க. நான் இத்தெல்லாம் நம்ப மாட்டேன் சார். ஆனா மூணு பேரு, மூணு வேற எடத்துல, ஒரே மாதிரி சொல்றானுங்களே?”

முனிரத்தினத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் என் முகத்தை நேராகப் பார்த்துத்தான் பேசினார்.

“நடந்து வர்ல சார். அந்தப் பக்கம் காலியாத்தான் கீது. திடுக்னு மூஞ்சிக்கிட்ட ஒரு கை, ஒரு தோளு. எங்கேந்து வந்துச்சுன்னே தெரியாது. திரும்புறதுக்குள்ள இல்ல. பூடுது.”

“பயமா இல்லையா?”

“தோஸ்து சார் அவன். இன்னா பண்ணிடப் போறான்?”

வரிசையில் நிற்காதவர்கள் அந்த யார்டில் இரண்டு பேர். சொட்டு மருந்தே ஒத்துக்கொள்ளாது என்று ஒதுங்கியவர்கள். இருவருக்கும் கண் கோவைப் பழம். சேகரைப் பார்த்ததுண்டா என்று அவர்களைக் கேட்டேன். ஒரு தடவைகூட இல்லை என்றார்கள். பார்த்த மூவரும் வரிசையில் நின்றவர்கள். பனியில் நின்றபடி மறுபடி மறுபடி எண்ணினேன். கணக்குப் பொருந்திக்கொண்டே இருந்தது. முகாமில் முனிரத்தினம் பக்கத்திலிருந்த பேனாவைத் தேடியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அதற்குள் முனிரத்தினம் கிரேனில் ஏறிவிட்டார். இடது பக்கம், அவர் கதவிலிருந்து நாலு அடியில், ஒருவர் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிரேனின் கை அசையத் தொடங்கியது. “நிறுத்துங்க!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

“இன்னா சார்? இன்னைக்கி மூணு வண்டி லோடு கீது.”

காசிம் பாய்க்கு விஷயம் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தார். “எறங்கு நைனா. லோடு எங்கியும் போவாது. சாரோட போய்ட்டு வா.”

மருத்துவமனையில் காசிம் பாயின் சீட்டை டாக்டரின் மேசையில் வைத்து, யார்டில் பார்த்ததைச் சொன்னேன். மரத்துப்போகும் சொட்டு, பிறகு மஞ்சள் சாயம். நீல விளக்கில் கருவியின் நுனி கண்ணைத் தொட்டதும் இரண்டு பச்சை அரை வட்டங்கள் தெரியும். அவை ஒன்றையொன்று தொடும் வரை சக்கரத்தைத் திருப்ப வேண்டும். அங்கே நிற்கும் எண்தான் கண்ணுக்குள் உள்ள அழுத்தம். இருபத்தொன்றைத் தாண்டக் கூடாது. வலது கண் முப்பத்தெட்டு.

“மறுபடி,” என்றார்.

முப்பத்தெட்டு. “மறுபடி.” முப்பத்தெட்டு. இடது கண் நாற்பத்திரண்டு.

“வலிச்சுதா?”

“இல்லியே மேடம். கண்ணு சூப்பரா கீது.”

பிறகு நான் அவருக்கு எதிரே, முழங்கால் முட்டும் அளவுக்கு உட்கார்ந்தேன். அவர் இடது கண்ணைப் பொத்தி, வலது கண்ணால் என் மூக்கையே பார்க்க வேண்டும். நான் விரலைப் பக்கவாட்டிலிருந்து மெல்ல உள்ளே கொண்டுவருவேன். தெரிந்ததும் சொல்ல வேண்டும். நல்ல கண் காதுக்கு நேராகவே பார்த்துவிடும். கொண்டுவந்தேன். காதைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. அவர் அமைதியாக என் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் விரல் அவர் முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது.

நாற்காலி பின்னால் சாய்ந்தது. அவர் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார்.

“இவன்தான்! சார், இவன்தான்! இங்க வந்துட்டான்!”

“என் கை,” என்றேன். கையைத் தூக்கிக் காட்டினேன். “என் கைதான் ரத்தினம்.”

அவரை உட்காரவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. இரண்டாவது முறை, தெரிந்திருந்தும், அதே இடத்தில் திடுக்கிட்டார். பிறகு அவராகவே தன் வலது கையை நீட்டி, பக்கவாட்டில் மெல்ல நகர்த்தினார். ஓர் இடத்தில் நிறுத்தினார். விரல்களை ஆட்டினார்.

“எங்க போச்சு?” என்றார். உள்ளே கொண்டுவந்தார். வெளியே கொண்டுபோனார். தன் கையே இல்லாமல் போவதையும் திரும்ப வருவதையும் நாலைந்து தடவை பார்த்தார்.

டாக்டர் மெல்லச் சொன்னார். அந்தச் சொட்டு மருந்து சிலருக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும். வலிக்காது. நரம்பு ஓரத்திலிருந்து சாகும். போன இடம் கறுப்பாகத் தெரியாது. பக்கத்தில் இருப்பதை வைத்து மனம் அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். “அதனால அந்த எடம் காலியா இருக்கற மாதிரிதான் தெரியும். யாராவது நின்னாலும் காலியாத்தான் தெரியும்.”

முனிரத்தினம் தன் கையை மடியில் வைத்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார்.

“அப்போ அன்னைக்கி சேகரு... அங்கியேதான் நின்னுகினு இருந்தானா?”

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

“நின்னிருக்கலாம். அன்னைக்கு உங்க கண்ணு எவ்வளவு இருந்துதுன்னு இப்ப என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இது ஒரு மாசத்துல வர்றது இல்ல.”

“அவன் குடிக்கவே மாட்டான் மேடம். எனக்குத் தெரியும். முதலாளி எழுதினப்ப நான் வாயத் தொறக்கல. மொதல்ல விசாரிச்சப்ப, கிரேன்லேர்ந்து என் கண்ணுக்கு யாரும் தெரிலன்னுதான் சொன்னேன். அதை வச்சுத்தான் அப்பிடி எழுதிட்டாங்க.” கையைத் துடைத்துக்கொண்டார். “என் கண்ணு இப்பிடின்னு எழுதிக் குடுங்க. அவங்க வூட்டுல குடுக்கணும்.”

“அது உங்களுக்கு எதிராப் போகலாம்.”

“தெரியும் மேடம்.”

டாக்டர் பேனாவை என்னிடம் தந்தார். “நீங்க எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்.” அழுத்தம், பார்வைப் பரப்பு, இரண்டையும் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ‘மருத்துவர் கவனிப்பின்றி நான்கு ஆண்டுகள் ஸ்டீராய்டு சொட்டு மருந்து’ என்று எழுதி நிறுத்தினேன். அது பொய் இல்லை.

டாக்டர் படித்தார். லேமினேட் செய்த சீட்டு அவர் முன்னால்தான் இருந்தது. காலையிலிருந்து அங்கேயே இருந்தது. “வேற?” என்றார்.

‘சீட்டைக் காட்டி வாங்கியது’ என்று சேர்த்தேன்.

“வேற?”

சீட்டின் காலிக் கட்டத்தைப் பார்த்தேன். ‘சீட்டில் நாட்கள் குறிப்பிடப்படவில்லை. அதை எழுத வேண்டியவன் நான்’ என்று எழுதி, என் பெயரையும் எழுதினேன். அவர் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதினொரு பேரையும் பார்த்தோம். நால்வருக்கு அழுத்தம் ஏறியிருந்தது. அவர்களில் மூவருக்குப் பக்கப் பார்வை போயிருந்தது. அந்த மூவரும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. காசிம் பாயின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஸ்டீராய்டை டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். அரிப்புக்கு மற்ற வகை மருந்து, ஆளுக்கொரு குப்பி, மேலே பெயரும் திறந்த தேதியும். வேலையில் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அரித்தால் கசக்காமல் குளிர்ந்த நீரில் நனைத்த துணி. முனிரத்தினத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. மிச்சம் இருந்த பார்வை தங்கியது. போனது திரும்பவில்லை. எப்போதும் திரும்பாது. கிரேனில் அவர் மறுபடி ஏறவில்லை. அந்தக் காகிதத்தை முன்னிட்டு என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இரண்டு முறை போய், எழுதியிருந்ததையே சொன்னேன்.

ஆனால் எனக்கு இன்றும் முன்னால் வந்து நிற்பது அன்றைய மதியம்தான். முனிரத்தினம் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் தலையை இடமிருந்து வலம் நகர்த்திப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து என்னைத் தேடினார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். முகத்தைத் திருப்பிக் கண்டுபிடித்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“காசிம் பாய்க்கு இத்த இன்னைக்கே சொல்லிடாதீங்க சார்,” என்றார். “பெருநாள் வருது. அந்தாளு தாங்க மாட்டாரு.”

காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்தார். சேகரின் வீடு சாலைக்கு எதிர்ப்புறச் சந்தில் இருந்தது. மருத்துவமனை வாசல் வரை கூடவே போனேன். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம் சார். அண்ணிகிட்ட நான் தனியாத்தான் போவணும்.”

சாலையோரத்தில் நின்றார். தலையை முழுக்க வலப்பக்கம் திருப்பினார். முழுக்க இடப்பக்கம். மறுபடி வலப்பக்கம். அவருக்குக் காலியாகத் தெரிந்த இடத்தை அவர் இப்போது நம்பவில்லை. சாலை உண்மையிலேயே காலியாக இருந்தபோதும் நின்றார். நான் எண்ணினேன். பதினான்கு முறை திரும்பினார். பிறகு காலை எடுத்து வைத்து, சேகரின் மனைவியிடம் சொல்லப் போனார்.